யானையை வெட்டியது தவறில்லை, டி8 தான் தவறு

கேட்டவர் கடலூர் திருப்பாதிரிப்புலியூர்க்காரர், வயது 42. மஞ்சக்குப்பத்தில் ஒரு மண்டபத்தில் நடந்த ஞாயிற்றுக்கிழமை ரேபிட் (வேக) சதுரங்கப் போட்டியில், நெய்வேலியிலிருந்து வந்த 12 வயதுச் சிறுமியிடம் தோற்றிருக்கிறார். ஒரு சிப்பாய் குறைவாக இருந்தும் வெகுநேரம் தாக்குப்பிடித்தவர், அந்தச் சிறுமி யானையை வெட்டக் கொடுத்ததும் வெட்டிவிட்டார். அடுத்த சில நகர்வுகளில் ஆட்டம் முடிந்துவிட்டது. "பின்தங்கியிருக்கும்போது யானையை வெட்டலாமா என்று உடன் ஆடுபவர்கள் திட்டுகிறார்கள். கணினியோ வெட்டிய பிறகும் 0.00, அதாவது சமநிலை, என்று காட்டுகிறது. யார் சொல்வது சரி? இன்னொன்று: ராஜாவை வைத்த உடனேயே மாற்றப் பார்த்தேன், அவள் நடுவரைக் கூப்பிட்டுவிட்டாள். அது நியாயமா?" என்பது அவருடைய கேள்வி.

முதலில் தீர்ப்பு. கணினி சொல்வது சரி. உங்கள் நண்பர்கள் தவறான இடத்தில் விரல் வைக்கிறார்கள். அந்தச் சிறுமி நடுவரைக் கூப்பிட்டது முழுக்க நியாயம். இனி விவரம்.

நீங்கள் அனுப்பிய நிலையைப் பலகையில் அடுக்கி வைத்துக்கொண்டுதான் எழுதுகிறேன். படிப்பவர்களும் ஒரு பலகையை எடுத்து அடுக்கிக்கொண்டால் நல்லது, மொத்தமே ஐந்து காய்கள்தான். (கட்டத்தின் பெயரில் எழுத்து, வெள்ளையின் இடமிருந்து வலமாக ஏ முதல் எச் வரை நெட்டு வரிசை; எண், வெள்ளையின் பக்கத்திலிருந்து எண்ணும் படுக்கை வரிசை.) வெள்ளை: ராஜா டி5, யானை சி7, சிப்பாய் இ5. கறுப்பு, அதாவது நீங்கள்: ராஜா இ8, யானை பி6. இந்த நிலைக்கு ஃபிலிடோர் நிலை என்று பெயர். புத்தகம் பார்த்து ஆடினீர்களா, தானாகக் கண்டுபிடித்தீர்களா என்று நீங்கள் சொல்லவில்லை. தானாகக் கண்டுபிடித்திருந்தால் உங்களுக்கு ஒரு சபாஷ். ராஜா சிப்பாய் போகிற வழியிலேயே நிற்கிறது. யானை ஆறாவது வரிசையைக் காவல் காக்கிறது. வெள்ளை ராஜா டி6-க்கோ இ6-க்கோ ஏற முடியாது. நீங்கள் ஏ6, பி6, ஜி6, எச்6 என்று பக்கவாட்டில் நகர்ந்துகொண்டே இருந்தால் வெள்ளைக்கு முன்னேற ஒரே வழி சிப்பாயை இ6-க்குத் தள்ளுவதுதான். தள்ளிய மறுகணமே உங்கள் யானை கீழே முதல் வரிசைக்கு இறங்கிவிடும். ஆறாவது வரிசையில் இப்போது சிப்பாயே நிற்பதால் வெள்ளை ராஜாவுக்கு மறைந்துகொள்ள இடம் கிடையாது. பின்னாலிருந்து செக் கொடுத்துக்கொண்டே இருக்கலாம். டிரா.

ஒரு சின்ன ஊர்ப்பேச்சு. ஃபிலிடோர் பிரெஞ்சுக்காரர், பிழைப்புக்கு இசை அமைத்தவர், 1726-இல் பிறந்து 1795-இல் லண்டனில் இறந்தார். அவருடைய சதுரங்க நூல் 1749-இல் லண்டனில் அச்சானது. அந்த வருஷம் நம் பக்கம் என்ன நடந்துகொண்டிருந்தது என்று நினைத்துப் பாருங்கள். புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரர்கள், டூப்ளே கவர்னர். தேவனாம்பட்டினத்தில் செயின்ட் டேவிட் கோட்டையில் ஆங்கிலேயர்கள். இடையில் பெண்ணையாறு. ஒருவர் கோட்டையை மற்றவர் வெட்டப் பார்த்துக்கொண்டிருந்த காலம். இன்றைக்கு அதே ஆற்றைத் தாண்டி, ஆல்பேட்டை வழியாக, சதுரங்கப் பலகையைப் பையில் சுருட்டிக்கொண்டு நாங்கள் முத்தியால்பேட்டையிலிருந்து கடலூருக்கு பஸ்ஸில் வருகிறோம்.

விஷயத்துக்கு வருகிறேன். அந்தச் சிறுமி கெட்டிக்காரி. பக்கவாட்டு நடையில் நீங்கள் சலிக்க மாட்டீர்கள் என்று தெரிந்ததும் யானையை சி7-இலிருந்து சி6-க்கு இறக்கினாள். உங்கள் யானைக்கு நேர் எதிரே, தன் ராஜாவின் பாதுகாப்பில். இது பலம் வாய்ந்த நகர்வு என்று நான் சொல்லமாட்டேன். கணக்குப்படி இதனால் எதுவும் மாறவில்லை. ஆனால் அது உங்களிடம் ஒரு கேள்வி கேட்கிற நகர்வு. இதுவரை நீங்கள் யோசிக்காமல் ஆடலாம். இப்போது முடிவெடுத்தே ஆக வேண்டும். 15 நிமிட ஆட்டத்தின் கடைசியில், நகர்வுக்கு 10 நொடி கூடுதல் நேரத்தில் பிழைத்துக்கொண்டிருப்பவரிடம் கேட்க இதைவிட நல்ல கேள்வி இல்லை.

நீங்கள் வெட்டினீர்கள். அவள் ராஜாவால் சி6-இல் திருப்பி வெட்டினாள். பலகையில் மூன்றே காய்கள் மிச்சம்: வெள்ளை ராஜா சி6, சிப்பாய் இ5, உங்கள் ராஜா இ8. நகர்வு உங்களுடையது. இந்த இடத்தில் உங்கள் ராஜாவுக்கு நான்கு கட்டங்கள் திறந்திருக்கின்றன: டி8, இ7, எஃப்7, எஃப்8. டி7-க்குப் போக முடியாது, வெள்ளை ராஜா பக்கத்தில் நிற்கிறது. நான்கில் மூன்று தோல்வி. இ7 மட்டும் டிரா. நீங்கள் டி8 போனீர்கள்.

ஏன் டி8 போனீர்கள் என்று எனக்கு ஒரு ஊகம் இருக்கிறது. வெள்ளை ராஜா சி6-இல் இருக்கிறது, டி7 வழியாக உள்ளே வரப் பார்க்கிறது, அதைத் தடுக்க வேண்டும் என்று கை தானாகப் போயிருக்கும். கதவில் ஆள் நின்றால் கதவைப் பிடிக்கத்தானே ஓடுவோம். ஆனால் உங்கள் வேலை வெள்ளை ராஜாவைத் தடுப்பதல்ல. இ5 சிப்பாய் தனியாக நிற்கிறது, அதன் ராஜா இரண்டு கட்டம் தள்ளிப் போய்விட்டது. இ7-க்குப் போனால் அடுத்த நகர்வில் இ6-க்கு ஏறி அந்தச் சிப்பாயையே எடுத்துவிடுவீர்கள். மிரட்ட வேண்டியது நீங்கள்தான்.

டி8-க்குப் பிறகு நடந்தது இது: அவள் டி6 வந்தாள். இரண்டு ராஜாக்களும் ஒரே நெட்டு வரிசையில், நடுவே ஒரே ஒரு கட்டம் விட்டு, முறைத்துக்கொண்டு நிற்கின்றன. நகர வேண்டியது நீங்கள். ஆடுபவர்கள் இதைத்தான் ஆப்பொசிஷன் என்பார்கள். குறுகலான வரப்பில் எதிரெதிரே வந்துவிட்ட இருவரைப் போல, யார் முதலில் ஒதுங்குகிறாரோ அவருக்கு வழி போயிற்று. நீங்கள் இ8-க்கு ஒதுங்கினீர்கள், அவள் இ6-க்கு வந்து மறுபடியும் எதிரே நின்றாள். நீங்கள் டி8, அவள் எஃப்7. இனி சிப்பாய் இ6, இ7, இ8 என்று ராணியாவதை உங்கள் ராஜா ஓரத்தில் நின்று பார்க்கலாம். அதற்கு மேல் ஆடாமல் கைகொடுத்தது சரிதான்.

இப்போது இ7 போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நிதானமாகப் பார்ப்போம், இதில்தான் உங்களுக்கு வேண்டிய பாடம் முழுவதும் இருக்கிறது. வெள்ளை பேராசைப்பட்டு சி7-க்குப் போனால் நீங்கள் இ6, சிப்பாய் கைக்கு வந்தது. எனவே அவள் டி5-க்குத் திரும்பி வந்து சிப்பாயைக் காக்க வேண்டும். உடனே நீங்கள் டி7. இப்போது முறைத்துக்கொண்டு நிற்பது நீங்கள், நகர வேண்டியது அவள். இந்த இடத்திலும் டி7 ஒன்றுதான் பிழைக்கும் வழி. டி8, இ8 என்று பின்வாங்கினால் வெள்ளை ராஜா ஆறாவது வரிசைக்கு ஏறிவிடும், பிறகு கதை பழைய கதைதான்.

டி7-க்குப் பிறகு வெள்ளை இ6 என்று சிப்பாயைத் தள்ளி செக் சொல்கிறது. நீங்கள் இ7-க்கு வருகிறீர்கள். வெள்ளை ராஜா இ5-க்கு வருகிறது, சிப்பாயைக் காத்தாக வேண்டுமே. இங்கே பலரும் வழுக்குவார்கள். உங்கள் ராஜா பின்வாங்கியே தீர வேண்டும். டி8, இ8, எஃப்8 மூன்றில் எங்கே? நேரே பின்னால், இ8. சிப்பாய் நிற்கும் அதே நெட்டு வரிசையில். டி8 போனால் வெள்ளை டி6, பிறகு நீங்கள் இ8, அவள் சிப்பாயை இ7-க்கு அமைதியாகத் தள்ளுவாள், உங்கள் ராஜா எஃப்7-க்கு ஒதுங்க வேண்டும், அவள் டி7, முடிந்தது. எஃப்8 போனாலும் இதே கதைதான், பக்கம் மட்டும் மாறும். ஆனால் நேரே இ8-இல் நின்றால், அவள் எந்தப் பக்கம் ஏறுகிறாளோ அந்தப் பக்கம் நீங்கள் எதிரே போய் நிற்கலாம். டி6 என்றால் டி8. எஃப்6 என்றால் எஃப்8. கடைசியில் அவள் இ7 தள்ளும்போது அது செக்காக விழும், நீங்கள் இ8-க்கு வருவீர்கள். வெள்ளை ராஜா சிப்பாயைக் காக்க இ6-க்கு வந்தால் உங்களுக்குச் செக்கும் இல்லை, நகர இடமும் இல்லை. ஸ்டேல்மேட், அதாவது டிரா. வரவில்லை என்றால் சிப்பாய் உங்களுக்கு.

பழைய ஆட்டக்காரர்கள் இதற்கு ஒரு குறுக்குவழி வைத்திருக்கிறார்கள். ராஜா பக்கத்துணையாக ஆறாவது வரிசையில் நிற்க, சிப்பாய் ஏழாவது வரிசைக்கு வரும்போது செக் விழுந்தால் டிரா, செக் இல்லாமல் சத்தமின்றி வந்தால் வெற்றி. மேலே சொன்ன இரண்டு பாதைகளையும் பலகையில் வைத்துச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். போட்டி மண்டபத்தில் நேரம் குறையும்போது ஆப்பொசிஷன் தத்துவமெல்லாம் நினைவுக்கு வராது, இந்த ஒரு வரி வரும்.

ஆக, யானையை வெட்டியது தவறில்லை. வெட்டாமல் யானையை பி1-க்கு இறக்கி, வெள்ளை ராஜா இ6 ஏறும்போது உங்கள் ராஜாவை எஃப்8 பக்கம் ஒதுக்கியிருந்தாலும் டிராதான். ஆனால் அந்தப் பாதை நீளமானது, அதில் தவறு செய்ய இன்னும் நிறைய இடம் உண்டு. என்னைக் கேட்டால், அந்த நேரத்தில் நானும் வெட்டியிருப்பேன். ஒரே ஒரு வித்தியாசம். வெட்டுவதற்கு முன் "அவள் சி6-இல் திருப்பி வெட்டுவாள், நான் இ7" என்று இரண்டாவது நகர்வையும் சேர்த்தே முடிவு செய்திருப்பேன். நீங்கள் வெட்டும்போது வெட்டுவதை மட்டும் முடிவு செய்தீர்கள். அவள் திருப்பி வெட்டிய பிறகுதான் அடுத்ததை யோசிக்கத் தொடங்கினீர்கள், அப்போது கடிகாரத்தில் சில நொடிகள்தான். கடைசிக் காயை வெட்டிக்கொள்வது திரும்பிவர முடியாத பாலத்தைக் கடப்பது. அக்கரையில் முதல் காலை எங்கே வைப்பது என்று இக்கரையிலேயே தெரிந்திருக்க வேண்டும்.

இதற்கு உலகறிந்த உதாரணம் நம் குகேஷின் ஆட்டம். 2024 டிசம்பர் 12, சிங்கப்பூர், உலகச் சாம்பியன்ஷிப்பின் 14-ஆவது, கடைசி ஆட்டம். வெள்ளைக் காய்களில் டிங் லிரென். ஒரு சிப்பாய் குறைவு, ஆனாலும் டிராவுக்குப் போதுமான நிலை. 55-ஆவது நகர்வில் அவர் யானையை எஃப்2-இல் வைத்தார். குகேஷ் யானைகளை வெட்டினார், பிறகு பிஷப்பையும் கட்டாயமாக வெட்டிக்கொள்ள வைத்தார், மிச்சம் ராஜாவும் சிப்பாய்களும். அதில் டிங்குக்குத் தப்பிக்க வழியில்லை. குகேஷ் 7.5-க்கு 6.5 என்று வென்று, 18 வயதில் உலகச் சாம்பியன் ஆனார். அங்கே யானைகள் வெட்டுப்பட்டதும் பின்தங்கியவருக்குத் தோல்வி, உங்கள் ஆட்டத்தில் வெட்டுப்பட்ட பிறகும் டிரா. இரண்டுக்கும் வெளித்தோற்றம் ஒன்றே. அதனால்தான் "பின்தங்கியிருக்கும்போது யானையை வெட்டாதே" என்று பொத்தாம்பொதுவாகச் சொல்லும் நண்பர்களோடு எனக்கு உடன்பாடில்லை. அது பத்தில் ஏழு முறை நல்ல யோசனையாக இருக்கலாம். மிச்ச மூன்று முறைக்குத்தான் பலகையைப் பார்க்க வேண்டியிருக்கிறது.

கணினியின் 0.00 பற்றியும் ஒரு வார்த்தை. அந்தச் சுழியம் "இருவரும் தவறே செய்யாவிட்டால்" என்ற நிபந்தனையோடு வருகிறது. நான்கு கட்டங்களில் மூன்று தோல்வியாக இருந்தாலும் ஒன்று டிராவாக இருந்தால் அது 0.00 தான். ராஜாவும் ராஜாவும் மட்டும் மிச்சமிருந்தாலும் 0.00 தான். முதலாவது கயிற்றின்மேல் நடப்பது, இரண்டாவது தெருவில் நடப்பது. கணினிக்கு இரண்டும் ஒன்று, ஏனென்றால் அது கயிற்றிலிருந்து விழாது. ஏழு காய்கள் வரை உள்ள எல்லா நிலைகளுக்கும் முழு விடைப் பட்டியல் 2018-லேயே தயாராகிவிட்டது, உங்களுடைய மூன்று காய் நிலை அதற்கு ஒரு பொருட்டே இல்லை. எனவே இனி அலசும்போது எண்ணை மட்டும் பார்க்காதீர்கள். அந்த நிலையில் எத்தனை நகர்வுகள் டிராவைக் காக்கின்றன என்று எண்ணிப் பாருங்கள். ஒன்றே ஒன்று என்றால், அங்கேதான் உங்களுக்குப் பயிற்சி தேவை.

இனி நடுவர் விஷயம். "ராஜாவைத் தொட்டுவிட்டேன், மாற்ற விடவில்லை" என்று வருத்தப்பட்டு எழுதியிருக்கிறீர்கள். ஐயா, உங்களிடம் மிச்சமிருந்த ஒரே காய் ராஜா. தொட்டால் என்ன, தொடாவிட்டால் என்ன, அதைத்தானே நகர்த்த வேண்டும்! தொட்ட காயை நகர்த்த வேண்டும் என்ற விதி உங்களை இங்கே ஒரு துளியும் கட்டவில்லை. கையில் பிடித்துக்கொண்டிருக்கும் வரை எந்தக் கட்டத்துக்கும் கொண்டுபோகலாம். சிக்கல், டி8-இல் வைத்துக் கையை எடுத்துவிட்டதுதான். கையை எடுத்த கணத்தில், அது விதிப்படியான நகர்வாக இருந்தால், அவ்வளவுதான், மாற்ற முடியாது. கடிகாரத்தை அழுத்தவில்லையே என்று சிலர் வாதாடுவார்கள். கடிகாரத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. அவள் தன் காயைத் தொடுவதற்கு முன்பே கடிகாரத்தை நிறுத்தி நடுவரைக் கூப்பிட்டிருக்கிறாள். தன் காயைத் தொட்டுவிட்டால் புகார் சொல்லும் உரிமை போய்விடும். 12 வயதில் அது தெரிந்திருக்கிறது. கோபப்படாமல் மெச்சிக்கொள்ள வேண்டிய விஷயம் அது. கட்டத்தில் கோணலாக இருக்கும் காயைச் சரிசெய்ய மட்டும், உங்கள் நேரம் ஓடும்போது, முன்கூட்டியே சொல்லிவிட்டுத் தொடலாம். அதற்கு உலகம் முழுவதும் சொல்லும் பிரெஞ்சு வார்த்தை "ஜாதூப்". போட்டிகளில் அதை ஆளுக்கொரு விதமாகக் கடித்துத் துப்புவார்கள். புதுச்சேரியில் மட்டும் யாராவது ஒரு பெரியவர் அதைச் சரியாக உச்சரித்து மண்டபத்தையே திரும்பிப் பார்க்க வைத்துவிடுவார்.

ஆட்டம் முடிந்ததும் அவள் "அங்கிள், இ7 போயிருக்கலாம்" என்று சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். அது உங்களைக் குத்தியிருக்கிறது என்று புரிகிறது. எனக்கும் ஒரு காலத்தில் குத்தியிருக்கிறது, எதிர்ப்பக்கத்திலிருந்து. 1990-களில் ஒரு போட்டியில் இதேபோல் ராஜாவும் ஒரு சிப்பாயும் என் பக்கம், கண்ணை மூடிக்கொண்டு ஜெயிக்க வேண்டிய நிலை. ராஜாவை முன்னே அனுப்பி வழி திறப்பதற்குப் பதிலாகச் சிப்பாயை முதலில் தள்ளிவிட்டேன். ஆப்பொசிஷன் கை மாறியது, டிரா. எதிரே இருந்தவர் ஓய்வுபெற்ற ஆசிரியர். எதுவும் சொல்லாமல் காய்களைப் பழைய இடத்தில் அடுக்கி, என் ராஜாவை ஒரு கட்டம் முன்னால் வைத்துக் காட்டிவிட்டு எழுந்து போனார். அன்றைக்கு அவர்மேல் வந்த கோபம் கன்னியக்கோயில் தாண்டும் வரை தீரவில்லை. பிறகு அந்த நிலையை நான் ஒருபோதும் தவறவிட்டதில்லை.

பயிற்சிக்கு பெரிய ஏற்பாடு வேண்டாம். இந்த மூன்று காய்களை அடுக்கி, வீட்டில் யாரையாவது வெள்ளையாக உட்கார வையுங்கள். சதுரங்கம் அதிகம் தெரியாதவராக இருந்தாலும் பரவாயில்லை, சிப்பாயைத் தள்ளினால் போதும். நீங்கள் கறுப்பு. பத்து முறை டிரா செய்யுங்கள். பிறகு பக்கம் மாறி நீங்கள் வெள்ளையாக உட்கார்ந்து, எதிரே இருப்பவர் டி8 போகும்போது ஜெயியுங்கள். 20 நிமிடம் ஆகும். இரண்டு பக்கமும் ஆடினால்தான் கை பழகும், ஒரு பக்கம் மட்டும் ஆடுபவருக்கு எதிராளியின் கண்ணில் அது எப்படித் தெரிகிறது என்று புரியாது. அதே நிலையில் சிப்பாயை ஏ5-க்கும் கறுப்பு ராஜாவை பி8-க்கும் மாற்றி ஒரு முறை ஆடிப் பாருங்கள். ஓரச் சிப்பாய்க்கு எதிராக உங்கள் ராஜா ஏ8 மூலைக்குள் நுழைந்துவிட்டால் வெள்ளை என்ன செய்தும் அதை அங்கிருந்து கிளப்ப முடியாது.

ஃபிலிடோர் நிலையில் அத்தனை நகர்வுகள் நிதானம் தவறாமல் யானையைப் பக்கவாட்டில் நகர்த்தியவர் நீங்கள். உங்கள் மட்டத்தில் பாதிப் பேருக்கு அது வராது. அடுத்த போட்டியில் அந்தச் சிறுமியையே மறுபடி சந்திக்க நேர்ந்து, மறுபடி யானையை சி6-இல் வைத்தால், வெட்டுங்கள்.